வேலூர் வெயிலும் உடற்பயிற்சியும்: உடம்பைத் தேறவிடாத தவறுகள்

ஜிம்மில் செலவிடும் ஒரு மணி நேரம் உடம்புக்குக் கொடுக்கிற வேலை மட்டும்தான். அந்த வேலைக்கு ஏற்பத் தசை பலப்படுவது அதற்குப் பிறகு, தூக்கத்திலும் சாப்பாட்டிலும் ஓய்விலும். வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் பயிற்சி செய்கிறவர்களில் பலர் சிரத்தையாகத்தான் செய்கிறார்கள். கெட்டுப்போவது இந்தப் பின்பாதியில். அதில் பெரும்பங்கு வெயிலுடையது. குளிர்நாட்டுக்காரர் யூடியூபில் சொல்லும் அட்டவணையை மே மாத வேலூரில் அப்படியே செய்தால் உடம்பு தாங்காது.

வெயிலைக் கணக்கில் சேர்க்காதது

கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. சூரியன் ஆறு மணிக்கு முன்பே மேலே வந்துவிடும். கோட்டை மைதானத்தில் ஐந்தேகால் மணிக்கு ஓடுகிறவரும் ஏழரைக்கு ஓட ஆரம்பிக்கிறவரும் ஒரே தூரம் ஓடினாலும் செய்வது ஒரே வேலை அல்ல. சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்கும் ரத்தம் வேண்டும். இரண்டையும் சமாளிக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதனால் கோடையில் வேகத்தையோ நேரத்தையோ பார்த்து ஓடாதீர்கள், மூச்சைப் பாருங்கள். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மெதுவாக ஓடும்போது நாலைந்து வார்த்தையாவது தடையில்லாமல் வர வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டதென்று கிளம்புவதும் தவறுதான். தார்ச் சாலையும் மதில்களும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை அப்போதும் கக்கிக்கொண்டிருக்கும். ஆறரைக்கு மேல் போங்கள்.

பெங்களூரிலிருந்தோ ஏசி அலுவலகத்திலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள் முதல் நாளே பழைய அளவில் ஆரம்பிக்கக் கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நாலு நாள் வழக்கத்தில் பாதி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

மழைக்கோட்டு மாதிரியான பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் குறைவது தண்ணீர் எடை, கொழுப்பு அல்ல. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அந்த வழியை அடைத்துவிட்டால் உள்சூடு ஏறிக்கொண்டே போகும்.

ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, மயங்கினாலோ அதை வெறும் களைப்பென்று எண்ணக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

தண்ணீரை உத்தேசமாகக் குடிப்பது

தாகத்தை நம்பி மிகக் குறைவாகக் குடிப்பவர்களும் உண்டு, பயத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களும் உண்டு. இதற்குத் தராசு போதும். பயிற்சிக்கு முன்னும், முடித்து உடம்பைத் துடைத்த பின்னும், அதே லேசான உடுப்பில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. நடுவில் குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடையில் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்துக் கொட்டுகிறவர் வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் அதனாலும் வரலாம். உப்புப் போட்ட நீர்மோர் இதற்கு அருமையான பானம். மோர் ஊற்றிக் கரைத்த கேவுரு (கேழ்வரகு) கூழும் நல்லது, தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில் கிடைத்துவிடும். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் ஒரு லிட்டர் பாக்கெட்டைச் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றுப்போக்கே வரலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதையெல்லாம் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்திலேயே முழு பாரம்

சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அந்தப் பெருமையால் இங்கே பளு தூக்க ஆசைப்படும் பையன்கள் நிறைய. ஆசை நல்லது. ஆனால் அந்த மேடை எடைக்குப் பின்னால் வருடக்கணக்கில் வெறும் கம்பியோடும் குறைந்த எடையோடும் செய்த பயிற்சி இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு வாரம் ஒரு பயிற்சிக்கு இரண்டு செட், ஒவ்வொன்றிலும் 10 முதல் 12 தடவை போதும். முடிக்கும்போது இன்னும் மூன்று தடவை செய்ய முடியும் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். ஒரே தசைக்கு அடுத்த வேலை கொடுக்க 48 மணி நேர இடைவெளி விடுங்கள். எடையை ஒரேயடியாகக் கூட்டாமல் கைக்கு ஒரு கிலோ, காலுக்கு இரண்டரை கிலோ என்று ஏற்றலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், தூக்கும்போது மூச்சை விட வேண்டும்.

பயிற்சிக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ தசை இறுகி வலிப்பது இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், நடக்க நடக்கக் குறையும், நாலைந்து நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரே பக்கம் மட்டும் வலி, தூங்கவிடாத வலி இவையெல்லாம் வேறு ரகம், பயிற்சியை நிறுத்த வேண்டும்.

முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. அதனால் தசை நார்கள் மொத்தமாக நொறுங்கி, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். தொடை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று வீட்டில் இருக்கக் கூடாது. வியர்த்து வற்றிய உடம்போடு புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடுவதும் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்ய முடிகிறது என்றால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

ஏறுவதற்குப் பயந்து இறங்குவதில் அடிபடுவது

சோளிங்கர் மலையில் 1305 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, தசைக்கு அதிகச் சேதம் அந்த வகை வேலையில்தான். முட்டியில் விழும் அழுத்தமும் கூடுகிறது. முட்டிவலி உள்ளவர்கள் ரோப் காரில் ஏறிவிட்டுப் படி வழியாக இறங்குவதைவிட, மெதுவாக ஏறிவிட்டு ரோப் காரில் இறங்குவது மேல். இதயக் கோளாறு இருந்தால் இரண்டு வழியும் ரோப் கார்தான்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வருஷம் முழுக்க நடக்காமல் இருந்துவிட்டுப் பௌர்ணமி அன்று வெறுங்காலில் கிளம்பினால் குதிகால் வலி மாதக்கணக்கில் நிற்கும். ஆறு வாரம் முன்பே 3 கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரம் ஒரு நாள் நடையை மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராக நீட்டிக்கொண்டே போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பாலாற்று மணலில் ஓடுவதும் அப்படித்தான். பழக்கமில்லாத ஆடுசதைக்கும் குதிநாணுக்கும் பத்து நிமிஷமே அதிகம்.

பிசகிய காலை உடனே உருவிவிடுவது

கணுக்கால் மடங்கிய அன்றைக்கே எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடி வீக்கம் பெருக்கும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பு முனையில் தொட்டால் துள்ள வைக்கும் வலி இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். புத்தூர்க் கட்டுக்குப் போவதென்று முடிவு செய்தவர்களும் எக்ஸ்ரேவுக்குப் பிறகு போகட்டும்.

சாப்பாடு, தூக்கம், சர்க்கரை மாத்திரை

பவுடர் டப்பா வாங்கும் முன் தட்டைப் பாருங்கள். பாரம் தூக்குகிறவருக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9, மீல்மேக்கர் 50 கிராமில் சுமார் 25. ராத்திரி பிரியாணியில் மொத்தத்தையும் முடிக்காமல் மூன்று வேளைக்குப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த மறுநாள் பாரத்தைக் குறையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் தூக்கம் வராவிட்டால், சாயங்காலமே மாடித் தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் கொஞ்சம் ஆறும்.

இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போகக் கூடாது. சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் நின்றுவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிடுங்கள். 15 நிமிஷம் கழித்து ரத்தச் சர்க்கரை அளவு 70-க்கு மேல் வந்ததா என்று பார்த்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சல் விட்ட மறுநாளே ஜிம்முக்குத் திரும்புவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. காய்ச்சல் நின்று ஒரு வாரம் நடை மட்டும், அதன்பிறகு பழைய எடையில் பாதி. டெங்கு வந்தவர்கள் ரத்தத் தட்டணுக்கள் பழைய அளவுக்கு வந்துவிட்டதை மருத்துவர் உறுதிசெய்யும்வரை கம்பியைத் தொடவே வேண்டாம். சிக்குன்குனியா வந்தவர்கள் காலையில் விரல் மூட்டு இறுக்கம் விடும்வரை பிடித்துத் தூக்கும் பயிற்சிகளைத் தள்ளிவைத்து, நடை, தண்ணீரில் நீச்சல் என்று போகலாம்.