பனங்கிழங்குப் பாத்தி போடும் முறை

பனங்கிழங்கு பாதி பொறுக்கல், பாதி விவசாயம். ஆவணி, புரட்டாசியில் உதிரும் பனம்பழங்களைப் பொறுக்கி, சதையைப் பிசைந்து நீக்கிக் கொட்டைகளை எடுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் 2 அல்லது 3 இருக்கும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். உள்ளே வண்டு துளைத்ததையும் வற்றிப்போனதையும் ஒதுக்கிவிடுங்கள்.

பாத்திதான் முக்கியம். பனை முளை மேலே வருவதற்கு முன் நேராகக் கீழே இறங்கும். கிழங்கு அங்கேதான் திரளும். அதனால் குழி தோண்டாமல், மணல் கலந்த பொலபொலப்பான மண்ணை 2 அடி உயரத்துக்கு மேடாகக் குவியுங்கள். கீழே கட்டாந்தரையோ கல்லோ தட்டினால் கிழங்கு கோணலாகிக் குட்டையாக நின்றுவிடும். மேட்டின்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மூன்று விரல் கனத்துக்கு மண் மூடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெய்தால் அதுவே போதும். மழை தவறினால் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். தேங்கவிட்டால் முளை அழுகும். எலியும் பன்றியும் கிளறும்; முள் வைத்து அடையுங்கள்.

தை பிறக்கும்போது ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். குருத்தோலை வெளியே விரிந்துவிட்டால் நார் ஏறிவிடும், தாமதிக்க வேண்டாம். மேல்தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு, கிழங்கு மூழ்கும் தண்ணீரில் வேகவையுங்கள். மிஞ்சியதை யாழ்ப்பாணத்தில் செய்வதுபோல் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கொட்டையை வெட்டினால் உள்ளே தவுண் என்ற, தின்னக்கூடிய பஞ்சுபோன்ற வெள்ளைச் சதை இருக்கும், எறிந்துவிடாதீர்கள்.