மொழியை மாற்றியும் பொத்தான் மாறவில்லையா?
பயனர் தம் கணக்கில் மொழியைத் தமிழுக்கு மாற்றிய பிறகும், பக்கத்தின் தலைப்புகள் தமிழில் வர, ஸ்கிரிப்ட் (உலாவியில் இயங்கும் நிரல்) உருவாக்கும் பொத்தான்கள் மட்டும் ‘சேவ்’, ‘கேன்சல்’ என்றே நின்றால், பிழை பெரும்பாலும் மொழிபெயர்ப்புக் கோப்பில் இல்லை, கேச்சில்தான் (முன்பே சேமித்து வைத்த பிரதியில்தான்) இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் ஸ்கிரிப்ட்டின் முகவரி ஒன்றே என்பதால், முதலில் கிடைத்த ஆங்கிலப் பிரதியையே உலாவி மீண்டும் மீண்டும் எடுத்துத் தருகிறது.

மொழிக் குறியீட்டை அந்த முகவரிக்குள்ளேயே சேர்த்துவிடுவது நல்லது. சர்வரின் பதிலில் ‘வேரி: அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்று குறிப்பிட்டால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அது உலாவி அனுப்பும் மொழி விருப்பத்தை மட்டுமே கவனிக்கும், கணக்கில் தேர்ந்தெடுத்த மொழியை அறியாது.

பிளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சேர்ந்த தளத்தில் முகவரியில் மொழிக் குறியீட்டைச் சேர்ப்பது மட்டும் போதாது. மைய மென்பொருளின் பதிப்பு எண்ணை மட்டும் முகவரியில் ஒட்டியிருந்தால், ஒரு பிளக்இன்னின் மொழிக் கோப்பைத் திருத்தும்போது முகவரி மாறாமல் பழைய சொற்களே தொடரும் (இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் வீணாகும்). ஆகவே மையத்தின் சொற்களும் இயங்கும் பிளக்இன்களின் சொற்களும் சேர்ந்து உருவான இறுதி ஸ்கிரிப்ட்டின் உள்ளடக்கத்திலிருந்தே ஹேஷைக் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறுங்குறியீட்டைக்) கணக்கிட்டு, மொழிக் குறியீட்டுடன் கோப்பின் பெயரில் சேருங்கள். சர்வரிலும் அந்த ஸ்கிரிப்ட்டைச் சேமித்து வைப்பதாக இருந்தால், அங்குள்ள கேச் சாவியிலும் (சேமித்த பிரதியைத் தேடி எடுக்க உதவும் பெயரிலும்) மொழி இடம்பெற வேண்டும்.

அதன்பின் ஸ்கிரிப்ட்டுக்கு மேக்ஸ்-ஏஜை (சேமித்த பிரதியைப் பயன்படுத்தக்கூடிய கால வரம்பை) 31536000 வினாடிகள், அதாவது ஓராண்டு, எனத் துணிந்து வைக்கலாம். அந்த முகவரியைத் தாங்கிவரும் எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் ‘நோ-கேச்’ (ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்த பிறகே சேமித்த பிரதியைப் பயன்படுத்து என்ற கட்டளை) கொடுங்கள்.