காமன் ரோஸா, கிரிம்சன் ரோஸா? உடம்பிலிருந்து தொடங்குங்கள்

காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற இந்த இரண்டு வண்ணத்துப்பூச்சிகளுமே எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடிக்கு வரும். கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு, பின்னால் வால். போனில் படம் அனுப்பி "இது எது?" என்று கேட்பவர்களிடம் இறக்கையை அப்புறம் பார்க்கலாம், உடம்பு என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்பேன்.

காரணம், காமன் மார்மன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் அந்த இனத்தின் பெண்களில் ஒரு வகை காமன் ரோஸ் போலவும், இன்னொரு வகை கிரிம்சன் ரோஸ் போலவும் வேஷம் போடும். ரோஸ்களின் புழுக்கள் ஈஸ்வரமூலியையும் ஆடுதீண்டாப்பாளையையும் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தவிர்க்கும். அந்தப் பயத்தில் மார்மனும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் இறக்கையை மாற்றியவளுக்கு உடம்பை மாற்ற வரவில்லை, அது கறுப்புதான். தேன் குடிக்கும்போதும் இவை இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். குனிந்து பக்கவாட்டில் படமெடுங்கள்.

உடம்பு சிவப்பா? சரி, இப்போது வெள்ளையைத் தேடுங்கள். முன்னிறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை இருந்தால் கிரிம்சன். அதன் பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள் மட்டுமே. பின்னிறக்கை நடுவே வெள்ளைத் திட்டு இருந்தால் காமன் ரோஸ். புழுவில் இன்னும் சுலபம்: காமன் ரோஸ் புழுவின் இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, கிரிம்சனுக்கு அது இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். கிரிம்சன் ரோஸ் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நெடுங்காலம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில், புலியோடு இருந்தது. தோட்டத்தில் தினமும் பார்க்கிற பூச்சிக்கா என்று தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் வாழ்கிறது. காமன் ரோஸோ பாகிஸ்தானிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்திருக்கிறது. 2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அமைத்துவிட்டார்கள். பழைய பட்டியலைப் பகிர்வதற்கு முன் புதியதைப் பாருங்கள். எப்படியானாலும் கிரிம்சன் புழுவைப் பாட்டிலில் போட்டு வளர்க்காதீர்கள்.

அதைவிட ஈஸ்வரமூலி ஒன்றை வேலியில் ஏற்றிவிடலாம். இரண்டுமே அதில் முட்டையிடும். இலையெல்லாம் காலியாகி வெறும் தண்டு நின்றாலும் மருந்தடிக்காதீர்கள், வேர் பிடித்த கொடி திரும்பத் துளிர்க்கும்.