மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவசாயி விளைச்சலைக் கொண்டுபோய் வியாபாரிகளுக்கு ஏலத்தில் விற்கிற அரசுச் சந்தையை விழுப்புரம் மாவட்டத்தில் யாரும் 'ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்' என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் செஞ்சியோ, திண்டிவனமோ, அவலூர்பேட்டையோ, எந்த ஊராக இருந்தாலும் அது மார்க்கெட் கமிட்டிதான், இன்னும் சுருக்கினால் கமிட்டி. கமிட்டியில் விலையே கிடைக்காது, வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையை அடிக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுவது உண்டு, அதில் உண்மையே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் களத்திலும் ஏலம் முடிந்த அடுத்த பத்து நிமிஷத்திலும் நாமே விட்டுவிட்டு வருகிற பணமும் கொஞ்சமில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அது நம் கையில் இருக்கிறது.

முதல் குழப்பம் எந்த இடத்துக்கு எதைக் கொண்டுபோவது என்பது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் வேறு, கமிட்டி வேறு. கொள்முதல் நிலையத்தில் வாங்குவது அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம், அங்கே விலை முன்கூட்டியே நிர்ணயித்தது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கமிட்டியில் வாங்குவது தனியார் வியாபாரிகள், விலை ஏலத்தில் வருவது. அரசு அறிவித்த ஆதார விலைக்குக் கீழே இங்கே போகவே போகாது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகும், பல வருடம் போயிருக்கிறது. அதனால் உங்கள் நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற ரகமா, இல்லை வியாபாரி கூடுதல் விலைக்குத் தேடுகிற சன்ன ரகமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உளுந்து, பச்சைப்பயறுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. சில வருடங்களில் மத்திய அரசின் ஆதார விலைத் திட்டத்தில் அதே கமிட்டி வளாகத்திலேயே கொள்முதல் நடக்கும், அதற்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கேட்பார்கள், ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதிவு தொடங்கிய செய்தி பேப்பரில் வந்ததும் போய்ப் பதிந்துகொள்ளுங்கள், விளைச்சலை மூட்டை கட்டிய பிறகு அடங்கலுக்கு அலைந்தால் அதற்குள் கொள்முதல் அளவு முடிந்துவிடலாம்.

அடுத்தது மூட்டைக் கணக்கு. அரசு எல்லாவற்றையும் குவிண்டாலில், அதாவது 100 கிலோ கணக்கில் சொல்கிறது, நம் பக்கக் கமிட்டிகளில் மூட்டையில் பேசுகிறோம், அதிலும் நெல்லுக்கு ஒரு மூட்டை 75 கிலோ, மணிலாவுக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, 80 கிலோ, உளுந்துக்கு 100 கிலோ. இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்க்காமல் 'மணிலா மூட்டை ஐயாயிரத்து ஐந்நூறு போச்சு' என்று சந்தோஷமாக வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025-26க்கு மணிலாவின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். 80 கிலோவுக்கு அது 5,810 ரூபாய். அப்படியானால் ஐயாயிரத்து ஐந்நூறு என்பது ஆதார விலையைவிட மூட்டைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் குறைவு. சாதாரண ரக நெல்லுக்கு அதே வருடம் 2,369 ரூபாய், 75 கிலோ மூட்டைக்கு 1,777 வரும், சன்ன ரகத்துக்கு 2,389, அது மூட்டைக்கு 1,792. அந்தந்த வருடத்து எண்களை இப்படி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் விலையைக் கேட்ட அந்த நொடியிலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பேப்பரில் வரும் விலையை நம்பிப் போவதும் ஒரு தவறுதான், ஆனால் அது பேப்பரின் தவறு இல்லை. 'அதிகபட்சமாக இவ்வளவுக்கு ஏலம் போனது' என்பது அன்றைக்கு வந்த நூற்றுக்கணக்கான லாட்டுகளில் (ஒருவர் ஒன்றாக ஏலத்துக்கு வைக்கிற மூட்டைகள் ஒரு லாட்) மிக நன்றாக இருந்த ஒரே ஒரு லாட்டின் விலையாக இருக்கலாம். சந்தை விலைகளைப் போடுகிற அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்பதோடு மூன்றாவதாக ஒரு விலை இருக்கும், அன்றைக்குப் பெரும்பாலான சரக்கு எந்த விலையில் போனதோ அது. அதைத்தான் பார்க்க வேண்டும், அதையும் ஒரு நாளுக்கு மட்டும் இல்லாமல் நாலைந்து நாளுக்குச் சேர்த்து, பக்கத்துக் கமிட்டிகளையும் ஒப்பிட்டு. இருபது கிலோமீட்டர் தள்ளி மூட்டைக்கு நூறு ரூபாய் கூட என்றால் வண்டி வாடகை போக மிஞ்சுமா என்று கணக்குப் போடலாம்.

சரி, இப்போது களத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் பெரிய நஷ்டம் இங்கேதான்.

மூன்று வருடத்துக்கு முன் சித்திரையில் எங்கள் மணிலா 22 மூட்டை வந்தது. கடைசி ரெண்டு மூட்டைக்கான காய் தாமதமாகப் பிடுங்கியது, ஒரு நாள் வெயில் கூடக் காணவில்லை, சாயங்காலம் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. பெரியப்பா, "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா கலந்துடுப்பா, இருபது மூட்டையில எங்க தெரியப் போவுது" என்றார், கலந்துவிட்டோம். மறுநாள் கமிட்டியில் ஒரு வியாபாரி வந்து நாலாவது மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். ஒரு பிடி காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். காய்ந்த காயில் பருப்பு உருண்டு கலகலவென்று கேட்கும், இதில் பாதிக்குச் சத்தம் இல்லை. ரெண்டு காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தார். முற்றிய காயென்றால் அது கறுத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த லாட்டுக்குப் போய்விட்டார். எங்கள் லாட்டுக்கு வந்த விலை பக்கத்து லாட்டைவிட மூட்டைக்கு அறுநூறு ரூபாய் குறைவு. 22 மூட்டைக்கு 13,200. அந்த ரெண்டு மூட்டையை வீட்டிலேயே விட்டிருந்தாலோ, தனி லாட்டாகப் போட்டிருந்தாலோ, மற்ற இருபதுக்கும் நல்ல விலை கிடைத்திருக்கும். பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது, வாழ்நாள் முழுக்கக் களத்துக்கே வந்து வாங்குகிற வியாபாரிக்குப் போட்டுப் பழகியவர்.

வியாபாரி விலை வைப்பது லாட்டின் சராசரிக்கு இல்லை, அதில் அவர் பார்த்த மோசமான பகுதிக்கு. நெல் மூட்டையில் மாதிரி எடுக்கிற குத்தூசி நடுவில் இறங்கும், மேலே நல்லதைப் பரப்பி அடியில் ஈரத்தை வைப்பதால் ஒன்றும் ஆகாது. ரெண்டு ரகத்தைக் கலப்பது அதைவிட மோசம், சன்ன ரகமான பொன்னியும் குண்டு நெல்லும் கலந்தால் அரவை மில்லில் ரெண்டுமே ஒழுங்காக வராது, வாங்குகிறவருக்கு அது தெரியும்.

காய வைத்தால் எடை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான், அதனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். 14 சதவீத ஈரத்தில் 100 கிலோ மணிலா, 9 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 94½ கிலோ ஆகும். ஐந்தரை சதவீத எடை இழப்பு. விலை அதற்குமேல் ஏறினால்தான் காய வைத்தது லாபம், ஈரக் காய்க்கு விலையில் குறைக்கிற குறைப்பு பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இருக்கும் என்பதுதான் நான் பார்த்தது. எடைக்காகவோ, ஓடு உடைப்பது சுலபம் என்றோ தண்ணீர் தெளிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஈரத்தில் வருகிற பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், ஈரலைப் பாதிக்கிற நஞ்சு, அது எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் போய் நம் பிள்ளைகளுக்கும் மாட்டுக்குமே திரும்பி வரும். நெல்லில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் மெல்லிசாகப் பரப்பி ஒரே நாளில் மொறுமொறுவென்று காயவிட்டால் உள்ளே அரிசி வெடித்துப்போகும். வியாபாரி உள்ளங்கையில் நாலு நெல்லைப் போட்டுத் தேய்த்து முழு அரிசியா நொய்யா என்று பார்ப்பது அதற்குத்தான்.

எப்போது போவது என்பதிலும் கவனம் வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் செஞ்சி போன்ற இடங்களில் மூட்டைகள் குவிந்துவிடும், எடை போட்டு முடியாமல் அடுத்த நாளுக்குத் தள்ளும், வரத்துத் தாங்காமல் விடுமுறை அறிவிப்பதும் உண்டு. தொடர் விடுமுறைக்கு முந்தின நாளும் அதற்கு அடுத்த நாளும் தவிர்த்தால் நல்லது. கிளம்பும் முன் கமிட்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு இன்றைக்கு வரத்து எப்படி, நாளைக்கு ஏலம் உண்டா என்று கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள், நம்மில் பலர் கேட்பதில்லை. மழை வந்தால் மூட்டையை மூடத் தார்ப்பாய் எடுத்துப் போங்கள், அவ்வளவுதான்.

ஏலம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் மூட்டையை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போவது இன்னொரு தவறு. கமிட்டியில் பெரும்பாலும் மறைமுக ஏலம். வியாபாரிகள் ஒவ்வொரு லாட்டாகப் பார்த்து, லாட் எண்ணுக்கு நேராகத் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, அதிக விலை எழுதியவருக்கு லாட். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் என்ற மத்திய அரசின் மின்னணுச் சந்தைத் திட்டத்தில் சேர்ந்த கமிட்டிகளில் இதையே செல்போனில் போடுகிறார்கள். வியாபாரிகள் பார்க்க வரும் நேரத்தில் நீங்கள் மூட்டை பக்கத்தில் இருந்தால் எந்த ரகம், எப்போது அறுத்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் சாக்குதான் பேச வேண்டும்.

விலை அறிவித்த பிறகு அதை ஏற்பதும் மறுப்பதும் விவசாயியின் உரிமை. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது, ஏனென்றால் ஐம்பது வயது கடந்தவர்கள் பலர் விலை விழுந்துவிட்டால் முடிந்தது, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றே நினைக்கிறார்கள். கட்டுப்படாது என்றால் சம்மதக் கையெழுத்துப் போடாமல் மறு ஏலத்துக்கு வைக்கச் சொல்லலாம். ஆனால் உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாத நிலையில் நாம் போய் நிற்கிறோம் என்பதுதான் வேதனை. வெளியே டிராக்டர்காரர் வாடகைக்குக் காத்திருக்கிறார், அறுப்புக் கூலி பாக்கி, நகைக்கடனுக்கு இந்த மாதம் கடைசி. இந்த நெருக்கடியோடு போகிறவருக்கு முதல் விலைதான் கடைசி விலை.

இதற்குத்தான் கமிட்டிக் கிடங்கும் பொருளீட்டுக் கடனும் இருக்கின்றன, இதை விசாரிக்காமலே விற்றுவிடுவதை நான் பெரிய தவறு என்று நினைக்கிறேன். சரக்கைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் வாங்கலாம், வட்டி வருடத்துக்கு 5 சதவீதம், 180 நாள் வரை. ஒரு கணக்குக்கு 20 மூட்டை உளுந்து, மூட்டை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 1,40,000, கடன் 1,05,000, மூன்று மாத வட்டி சுமார் 1,313 ரூபாய். மூட்டைக்கு 66 ரூபாய் செலவில் மூன்று மாதம் பொறுத்திருக்க முடிகிறது. நகையை வைத்தால் கூட இந்த வட்டிக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் கிடங்கில் வையுங்கள் என்று சொல்லவில்லை. விலை இறங்கவும் செய்யும், கிடங்கு வாடகையும் எடைச் சுருக்கமும் உண்டு, உளுந்தை அரைகுறையாகக் காய வைத்து அடுக்கினால் ரெண்டு மாதத்தில் வண்டு துளைத்துவிடும். பாதியை விற்று அவசரச் செலவை முடித்துக்கொண்டு பாதியை வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. எந்தக் கமிட்டியில் கிடங்கில் இடம் இருக்கிறது, கடன் உச்சவரம்பு இப்போது எவ்வளவு என்பதை அறுப்புக்கு முன்னாலேயே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆதாரையும் சிட்டாவையும் வேறொருவர் சரக்குக்காகக் கொடுக்காதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும். பணம் உங்கள் கணக்குக்கு வந்து போகும், நாளை விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பாஸ்புக் நகலில் கணக்கு எண் தெளிவாகத் தெரிகிறதா, அந்தக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், பல வருடம் தொடாத கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக எடை. சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் விற்பனைக்கூடம் திறந்ததே விவசாயியைத் தராசிலும் தரகிலும் ஏமாற்றியதைத் தடுக்கத்தான். இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1987-ஆம் வருடச் சட்டப்படியும் சந்தைக் கட்டணம் ஒரு சதவீதத்தை வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும், விவசாயியிடம் தரகு பிடிக்கக் கூடாது. அப்படி ஏதாவது பேரில் கழித்தால் எதற்கு என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் கமிட்டிக் கண்காணிப்பாளரிடம் போங்கள். எடை போடும்போது மின்னணுத் தராசு வெறுமையாக இருக்கையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதல் மூட்டை ஏறும் முன் பாருங்கள். சாக்கு எடை என்று கழிப்பதையும் கவனியுங்கள், சணல் சாக்குக்கும் உரச் சாக்குக்கும் ஒரே கழிவு போட்டால் உரச் சாக்குக்காரருக்கு நஷ்டம். காலிச் சாக்கு ஒன்றைத் தராசில் வைக்கச் சொன்னால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மூட்டையாகக் குறித்துக்கொள்கிறேன், போன தை மாதம் அப்படிக் குறித்ததில் ஒரு மூட்டை விட்டுப்போயிருந்தது தெரிந்து, அங்கேயே சொல்லி, திரும்ப எண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள்.