யாழ்ப்பாணச் சமையலறையில் பர்மிய வீட்டுச் சாப்பாடு: முதலில் கறித்தூள் பேணியை மூடி வையுங்கள்

பர்மியச் சாப்பாடு சமைக்கக் கொழும்புக்கு ஆள் விட்டுச் சாமான் எடுக்கத் தேவையில்லை. இஞ்சி, உள்ளி, மஞ்சள், வெங்காயம், தேசிக்காய், கச்சான், கடலை மா, வறுத்த அரிசிமா, கூனி இறால், வாழைத்தண்டு, பனங்கட்டி எல்லாம் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் பைக்குள் வந்துவிடும். மீன் சோஸ் ஒரு போத்தல் சுப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். எலுமிச்சம்புல் பக்கத்து வளவு எதிலாவது நிற்கும், கேட்டால் பிடுங்கித் தருவார்கள். சாமான் எடுப்பது சுகம், கையைக் கட்டுப்படுத்துவதுதான் பாடு. சட்டி சூடாகி வெங்காயம் வதங்கத் தொடங்கியதும் நம்முடைய கை தானாகவே கறித்தூள் பேணிக்குப் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். வறுத்து இடித்த நம் தூளில் ஒரு தேக்கரண்டி விழுந்தாலும் சரி, அதற்குப் பிறகு அது பர்மாக் கறி இல்லை, வழக்கமான கோழிக்கறிதான்.

பர்மிய வீட்டுக் கறியில் பெரும்பாலும் மல்லி இல்லை, பெருஞ்சீரகம் இல்லை, வெந்தயம் இல்லை. தேங்காய்ப்பாலும் தினசரிக் கறிக்கு விடுவதில்லை, கோழியும் நூடுல்ஸும் சேர்ந்த ஒன்னோ கௌஸ்வே மாதிரிச் சில சாப்பாடுகளுக்குத்தான். உறைப்பும் குறைவு. அப்போ ருசி எங்கேயிருந்து வருகிறது என்றால், வெங்காயத்தைப் பொறுமையாக வதக்குவதிலிருந்தும், மீன் சோஸிலிருந்தும், பிறகு சாப்பிடும் இடத்தில் அவரவர் பிழிந்துகொள்ளும் தேசிப்புளியிலிருந்தும் வருகிறது.

அடிப்படையை ஒரு கோழிக்கறியில் பழகுங்கள். 1 கிலோ கோழிக்கு 400 கிராம் பம்பாய் வெங்காயம், 8 பல் உள்ளி, இரண்டு விரல் நீளத்துக்கு இஞ்சி, விதையைத் தட்டிவிட்டு வெந்நீரில் ஊறவைத்த 6 செத்தல் மிளகாய். இவற்றை உரலில் இடியுங்கள். மிக்சியில் அடித்தால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும், பிறகு அந்தத் தண்ணீரை வற்ற வைப்பதற்குள் பொழுது போய்விடும். கோழியில் அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி மீன் சோஸ், கொஞ்சம் உப்பு பிரட்டி வையுங்கள். தாச்சியில் அரைக் கோப்பை எண்ணெய் விடுங்கள். ஆம், அரைக் கோப்பை. பர்மாவில் கச்சான் எண்ணெயும் நல்லெண்ணெயும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன, ஆனால் நம் நல்லெண்ணெயின் வாசம் தூக்கலாக இருப்பதால் பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. இடித்ததைப் போட்டு மெல்லிய நெருப்பில் 15, 20 நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீர் சலசலக்கும், பிறகு சத்தம் அடங்கும், நிறம் செம்பொன்னாகும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதற்கு முன் கோழியைப் போட்டால் பச்சை வெங்காய வாடை கடைசிவரை போகாது. கோழி போட்டுப் பிரட்டி, அரைக் கோப்பை வெந்நீர் விட்டு மூடி, தண்ணீர் வற்றி எண்ணெய் மறுபடி மேலே வரும்வரை வேகவிடுங்கள். அவ்வளவுதான். கறிவேப்பிலை தாளிக்க வேண்டாம், கையைக் கட்டுங்கள்.

மேலே இவ்வளவு எண்ணெயா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்த எண்ணெய்தான் கறியைக் காற்றுப் படாமல் மூடி வைத்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை, பாதியை வழித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். மறுநாள் காலையில் முதல்நாள் சோற்றை அதில் பிரட்டினால் போதும்.

தமிழில் பர்மாச் சாப்பாடு என்று தேடினால் முதலில் வருவது சென்னை பர்மா பஜார்ப் பக்கத்து அத்தோ என்ற நூடுல்ஸ் கலவைதான். 1962இல் பர்மிய இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளும் வியாபாரமும் அரசுடைமையான பிறகு, அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த வண்டிச் சாப்பாடு அது. நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை, ஆனால் தெருவில் நின்று சாப்பிடச் செய்தது வேறு, வீட்டில் பாயில் இருந்து சாப்பிடச் செய்தது வேறு. யாழ்ப்பாணத்துக்குப் பர்மா வந்தது சாப்பாட்டு வண்டியில் இல்லை, அரிசி மூட்டையாகவும் தேக்கு மரமாகவும். பழைய நாற்சார் வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவு என்று பெருமையாகக் காட்டுவார்கள். ரங்கூன் அரிசியை நம்பித்தான் அந்தக் காலத்தில் இலங்கையே சாப்பிட்டது, 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்று இங்கே அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது. அரிசி வந்தது, சமையல் வரவில்லை.

சரி, மொஹிங்காவுக்கு வருவோம். பர்மாவில் காலைச் சாப்பாடு என்றால் பலருக்கு இதுதான், விசேஷ வீடுகளிலும் வந்தவர்களுக்கு இதைத்தான் கொடுப்பார்கள். மீனும் எலுமிச்சம்புல்லும் வாழைத்தண்டும் போட்டு அரிசிமாவால் தடிப்பாக்கிய குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாப்பாட்டின் போக்கு உடனே பிடிபடும். பதம் மட்டும் கூழை விடத் தண்ணி, சொதியை விடத் தடிப்பு. அதற்காக ஒடியல் மாவைப் போட்டுவிடாதீர்கள், அதன் கசப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

மீன் அங்கே கெளுத்தி, அல்லது விரால். நமக்கு விரால்தான் வசதி, வன்னிக் குளத்து மீன் சந்தைக்கு வரும் நாளில் ஒரு கிலோ வாங்குங்கள். ஜப்பான் மீனிலும் (திலாப்பியா) செய்யலாம், மண் வாடை இருந்தால் இஞ்சியைக் கூட்டுங்கள். பாசையூரில் நல்ல கடல் மீன் கிடைக்கும்போது எதற்குக் குளத்து மீன் என்று கேட்பீர்கள். கடல் மீனின் சதை கட்டியாக நிற்கும், இதற்குக் கரைந்து குழம்போடு சேர வேண்டும். அதுதான் காரணம்.

2 லீற்றர் தண்ணீரில் மீனைத் துண்டுகளாகப் போட்டு, தட்டி நசித்த எலுமிச்சம்புல் 4 தண்டு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், ஒரு துண்டு இஞ்சி சேர்த்து 20 நிமிடம் அவியுங்கள். மீனை எடுத்து ஆறவிட்டு, முள்ளை மிகக் கவனமாகப் பிரித்துச் சதையை உதிர்த்துவிடுங்கள். இந்த வேலையை அவசரப்பட்டு யாரும் செய்யக்கூடாது, குழம்புக்குள் போன முள்ளை நூடுல்ஸோடு சேர்த்து விழுங்கத்தான் நேரும். தண்ணீரை வடித்து வையுங்கள். முன்பு சொன்ன அதே வெங்காய இடிப்பை, கோழிக்குச் செய்ததில் பாதி அளவு எடுத்து, எண்ணெயில் வதக்கி, உதிர்த்த மீனையும் அதில் போட்டு ஈரம் போகும்வரை பிரட்டுங்கள். இந்தப் பிரட்டலில்தான் மீன் வாடை போய் மணம் வரும். வறுத்த அரிசிமா 4 மேசைக்கரண்டி, சும்மா சட்டியில் சூடாக்கிய கடலை மா 2 மேசைக்கரண்டி இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற மீன் தண்ணீரில் கிண்டியபடி ஊற்றுங்கள். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் என்று வறுத்து வைத்திருக்கும் மா நம் வீடுகளில் எப்போதும் இருப்பதால் அரிசிமா வறுக்கிற வேலை நமக்கு மிச்சம். பிறகு மீன் பிரட்டல், வட்டமாக நறுக்கி நாரை எடுத்த வாழைத்தண்டு இரண்டு கை, உரித்த சின்ன வெங்காயம் முழுசாக ஒரு கை, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மீன் சோஸ் 3 மேசைக்கரண்டி. மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரம் விடுங்கள், இடைக்கிடை அடிபிடிக்காமல் கிண்டுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், மீன் சோஸிலேயே நிறைய இருக்கும்.

நூடுல்ஸுக்குப் பதில் இடியப்பம் வைக்கலாமா? வைக்கலாம், அரிசிமா இடியப்பம் ருசியில் பொருந்தும், ஆனால் குழம்பில் ஊறினால் உதிர்ந்துவிடும். அதனால் கோப்பையில் ஒரு இடியப்பத்தை வைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு குழம்பை ஊற்றி உடனே சாப்பிட்டுவிடுங்கள். பலபேர் வருகிறார்கள் என்றால் மெல்லிய அரிசி நூடுல்ஸ் பாக்கெட் வாங்குவதுதான் புத்தி. மேலே அவித்த முட்டை, மல்லியிலை, வறுத்து நொறுக்கிய செத்தல் மிளகாய், தேசிக்காய்த் துண்டு. மொறுமொறுப்புக்கு அங்கே பருப்புப் பொரியலோ சுரைக்காய்ப் பொரியலோ உடைத்துப் போடுவார்கள். நாம் பருத்தித்துறை வடையை நொறுக்கிப் போடலாம், என் கணக்கில் அதை விடப் பொருத்தமானது ஒன்றும் கிடையாது.

இனி எப்படிப் பரிமாறுவது. பர்மிய வீட்டில் தாழ்வான வட்ட மேசையைச் சுற்றிப் பாயில் இருந்து சாப்பிடுவது பழைய வழக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் நடுவில் வரும். சோறு, ஒரு கறி, ஒரு தெளிந்த சூப்பு, பச்சையாகவும் அவித்தும் மரக்கறி, அதற்குத் தொட்டுக்கொள்ள மீன் அல்லது இறால் புளிக்கவைத்த ஒரு காரச் சாறு. வலது கையால் சாப்பிடுவார்கள், இதில் நமக்குப் புதிதாகப் பழக எதுவும் இல்லை. சூப்பைக் கடைசிக்கு வைக்காமல் இடையிடையே குடிப்பார்கள். முருங்கையிலையை உள்ளி, மிளகு, கொஞ்சம் கூனியோடு 5 நிமிடம் கொதிக்கவைத்தால் அந்தச் சூப்பு தயார், அங்கேயும் முருங்கையிலை போடுகிறார்கள்.

முதலில் வீட்டில் மூத்தவர்களுக்குப் போட வேண்டும், அவர்கள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள். தாய் தகப்பன் அந்த நேரம் வீட்டில் இல்லாவிட்டாலும், பானையிலிருந்து முதல் அகப்பைச் சோற்றை அவர்களை நினைத்து ஒதுக்கி வைக்கிற வழக்கம் உண்டு. பிள்ளைகள் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலுமாக இருக்கிற நம் ஊரில், இதைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளை நினைத்து ஒதுக்குகிற அம்மாக்களும் இருப்பார்கள். இன்னொரு விஷயம், பல பர்மியப் பௌத்த வீடுகளில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, உழுகிற மாட்டுக்கு நன்றி என்று சொல்வார்கள். விருந்துக்குக் கூப்பிடும்போது அந்த வகையில் நமக்குச் சங்கடம் இல்லை.

வல்லாரையை நாம் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுகிறோம், அங்கே கச்சானோடு போடுகிறார்கள். ஒரு பிடி வல்லாரையைக் கழுவி, ஈரம் நன்றாக உதறி, மெல்லிதாக அரியுங்கள். அரிந்த சின்ன வெங்காயம், வறுத்து இடித்த கச்சான் 3 மேசைக்கரண்டி, வறுத்த கடலை மா ஒரு மேசைக்கரண்டி, வறுத்த கூனிப்பொடி, பச்சை மிளகாய், ஒரு தேசிக்காய்ப் புளி, மீன் சோஸ் கொஞ்சம். மேலே உள்ளி எண்ணெய். உள்ளி எண்ணெய் என்பது மெல்லிதாக வெட்டிய உள்ளியை எண்ணெயில் சிறு நெருப்பில் பொரிப்பது, பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்க வேண்டும், சூட்டிலேயே மிச்சம் சிவக்கும். எல்லாவற்றையும் கையாலேயே பிசையுங்கள், கரண்டியால் கலந்தால் கடலை மா ஒட்டாது. கலந்ததும் சாப்பிட வேண்டும், வைத்தால் தண்ணீர் விடும். இதே கூட்டில் தக்காளி, புளியங்கொழுந்து எதையும் போடலாம். வெள்ளிக்கிழமை என்றால் கூனியையும் மீன் சோஸையும் விட்டு உப்பும் கொஞ்சம் சோயா சோஸும் போடுங்கள், குறை தெரியாது.

சாப்பிட்ட பிறகு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேத்தண்ணி குடிப்பது. இதை யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அங்கேயும் மத்திய பர்மாவில் பனைதான் நிற்கிறது. தேத்தண்ணியில் மட்டும் வித்தியாசம், அது பச்சைத் தேயிலை.

நம் சித்திரை வருடப்பிறப்பு வரும் அதே ஏப்ரல் நடுப்பகுதியில்தான் அவர்களுக்குத் திஞ்சான், தண்ணீர் ஊற்றி விளையாடும் புதுவருடம். இங்கே மருத்துநீர் தேய்த்து முழுகுகிறோம், அங்கே இளையவர்கள் மூத்தவர்களின் தலையை மரப்பட்டையும் சீயக்காய் வகையும் ஊறிய நீரால் கழுவிவிட்டு, நகமும் வெட்டிவிடுவார்கள். அன்றைக்குச் செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் சும்மா கொடுக்கும் பலகாரம் மொன்லொன் யேபோ. ஒட்டரிசி மா 3 பங்கு, சாதாரண பச்சை அரிசிமா ஒரு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர் விட்டுக் காதுமடல் பதத்துக்குப் பிசையுங்கள். ஒட்டரிசி மா சுப்பர் மார்க்கெட்டில் சீனச் சாமான் வைக்கும் தட்டில் இருக்கும், கொழுக்கட்டை மாவால் செய்தால் கொழுக்கட்டைதான் வரும். பெரிய போளை அளவு உருண்டை, நடுவில் கடலை அளவு பனங்கட்டி, வெடிப்பில்லாமல் மூடி உருட்டிக் கொதிநீரில் போடுங்கள். மிதந்து வந்ததும் ஒரு நிமிடம் விட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு வடித்து, மேலே தேங்காய்ப்பூ தூவுங்கள். பனங்கட்டி உள்ளே உருகிக் கொதித்தபடி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள்.

ஒன்றிரண்டு உருண்டைக்குள் பனங்கட்டிக்குப் பதில் கொச்சி மிளகாய் வைத்து, யார் மாட்டுப்படுகிறார்கள் என்று பார்ப்பதும் அந்தப் புதுவருடத்தில் உண்டு. செய்வதானால் மச்சான் முறைக்காரருக்குப் போகும் தட்டில் வையுங்கள், அம்மம்மாவின் தட்டில் வேண்டாம். எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் பல்லுக்கு அசையாது.