பழைய இரும்புக் குழாய்க்கு ஒரு பச்சை வயர்

செட்டிநாட்டுப் பழைய வீட்டில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய் இன்னும் இருக்கிறதா? பின்கட்டுக் குளியலறையில் கீசர் மாட்ட ஆள் வரும் அன்றே, அந்தக் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு, 6 சதுர மி.மீ. பச்சைச் செம்பு வயரை மெயின் போர்டின் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். வயரைக் குழாயை ஒட்டியே மேலாகக் கொண்டுபோகலாம். சுண்ணாம்புப் பூச்சை உடைக்க வேண்டாம், ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவும் வேண்டாம். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிடுவது முக்கியம்.

இப்படி இணைத்திருந்தால், கீசரில் மின்கசிவு வந்தாலும் அதன் உடலும் குழாயும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தொட்டாலும் பெரிய ஷாக் இராது. குழாய்க்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்தால் போதும் என்பார்கள். போதாது. கோடையில் நம் செம்மண் காய்ந்து கிடக்கும். அங்கே 20 ஓம் தடை என்றால் 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும், மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. அதனால் சின்னக் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும்.

வீட்டு எர்த்தே கெட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள், கசிவு குழாய் முழுக்கப் பரவும். முதலில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும். முழுக்க பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த வேலையே இல்லை. நடுவில் ஒரு துண்டு மட்டும் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தால், அதன் இருபுறமும் உள்ள இரும்பை அதே வயரால் இணைத்துவிடுங்கள்.