பழைய பவர் டில்லர் இழுக்கவில்லையா? கியர் பாக்ஸைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

2021 ஆனி மாதம், ஆடிப்பட்டத்துக்கு முன்னால், மணப்பாறைப் பக்கம் ஒருவரிடம் 13 குதிரைத்திறன் பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு வண்டி) ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். முசிறிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒன்றில் வாழை, ஒன்றில் நெல். விற்றவர் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. நம் வயலில் இறக்கியதும் வண்டி வலது பக்கமே இழுத்துக்கொண்டு போனது. மண் கனத்தால் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும், வலது சக்கரம் நின்றுவிடும். கொண்டுபோய்க் காட்டிய ஒரு பட்டறையில், “கியர் பாக்ஸ் போச்சு, 18,000 ஆகும்” என்றார்கள். அவ்வளவு பணம் அப்போது கையில் இல்லை. அதனால்தான் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனைத் தேடிப் போனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் சொன்னது இது: “தம்பி, எஞ்சின்ல இருந்து டயர் வரைக்கும் கண்ணாலேயே நடந்து போ. இழுவை எந்த இடத்துல நிக்குதோ, அங்க மட்டும் ஸ்பேனரப் போடு.”

பவர் டில்லரில் அந்தப் பாதை நீளமானது இல்லை. எஞ்சின் புல்லியிலிருந்து மூன்று அல்லது நான்கு வி-பெல்ட் வழியாக கிளட்ச் புல்லிக்கு வரும். கிளட்சைத் தாண்டினால் கியர் பாக்ஸ். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று ஸ்டியரிங் கிளட்ச் வழியாக இரண்டு சக்கரங்களுக்கும், இன்னொன்று செயின் வழியாக, மண்ணைக் கிளறும் ரோட்டரிக்கும். இந்தப் பிரிவுதான் நமக்குப் பெரிய உதவி. மண்ணில் உழும்போது கவனியுங்கள். பாரம் ஏறியதும் சக்கரம், ரோட்டரி இரண்டும் சேர்ந்து தளர்ந்தால், கோளாறு பிரிவதற்கு முன்னால், அதாவது பெல்ட்டிலோ கிளட்சிலோ இருக்கிறது. ரோட்டரி நன்றாகக் கிளறிக்கொண்டிருக்க, சக்கரம் மட்டும் நின்றால் கிளட்சைக் கழற்ற வேண்டியதில்லை. ரோட்டரி மட்டும் நின்றால் அதன் லிவரையும் செயினையும் பாருங்கள். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றுவது இழுவைக் கோளாறு ஆகாது. அதற்குக் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டினால் போதும்.

இரண்டும் தளர்ந்தால் பெல்ட்டா, கிளட்சா? ஐந்து நிமிடம் பாரத்தில் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அது முழுதாக நின்ற பிறகு பெல்ட் மூடியைக் கழற்றி, தொடாமல், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எஞ்சின் புல்லியின் காடி (பெல்ட் உட்காரும் பள்ளம்) கொதித்து, ரப்பர் கருகிய வாடை அடித்தால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட் பக்கம் சாதாரணமாக இருந்து, கிளட்ச் டிரம் மட்டும் அனலடித்தால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கவே வேண்டாம். தோளில் துண்டு, இடுப்பில் வேட்டியோடு பெல்ட் பக்கம் குனியாதீர்கள்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 2 செ.மீ. உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் எஞ்சின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி, டென்ஷன் போல்ட்டைத் திருகி எஞ்சினை முன்னால் தள்ள வேண்டும். இறுக்கிய பிறகு ஒரு நேரான சட்டத்தை இரண்டு புல்லியின் முகத்திலும் ஒட்டி வையுங்கள். இரண்டிலும் முழுதாகப் படிந்தால் நேர். ஒரு ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் எஞ்சின் கோணலாக நகர்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் விட்டால் புது பெல்ட்டும் ஒரு போகம் தாங்காது.

வி-பெல்ட் பிடிப்பது அதன் இரண்டு பக்கச் சரிவால்தான். பி வகை பெல்ட் மேலே 17 மில்லிமீட்டர் அகலம், 11 மில்லிமீட்டர் கனம். தேய்ந்து ஒல்லியானால் காடிக்குள் இறங்கி அடியைத் தொட்டுவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். டார்ச் அடித்துக் காடியின் அடியைப் பாருங்கள். அங்கே கண்ணாடி மாதிரி பளபளப்பு இருந்தால் பெல்ட்டின் காலம் முடிந்தது, அல்லது புல்லியே தேய்ந்துவிட்டது. மாற்றினால் எல்லா பெல்ட்டையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பாரம் முழுவதும் அந்த ஒன்றின் மேல் விழும். பழைய பெல்ட்டின் முதுகில் பி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் உள்சுற்று நீளத்தின் அங்குலக் கணக்கு. அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கிளட்ச் வழுக்கினால் முதலில் லிவர் கம்பியின் நட்டைச் சரிசெய்யுங்கள். மரை முழுவதும் தீர்ந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. கழற்றும்போது இரும்பு பிளேட்டும் உராய்வு பிளேட்டும் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டில் எண்ணெய் இருந்தால் பெட்ரோலில் கழுவி மாட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண்ணெய் உள்ளே ஷாஃப்டில் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலைத் தாண்டி வந்தது. சீலை மாற்றாவிட்டால் புது பிளேட்டும் நனையும்.

இப்போது என் வண்டியின் வலது சக்கரம். பெரும்பாலான பவர் டில்லரில் டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்குள் பல் வைத்த ஒரு ஸ்டியரிங் கிளட்ச் உண்டு. ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் லிவரைப் பிடித்தால் அந்தப் பக்கத்துப் பல் விலகும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். நாம் பிடிக்காமலே பல் பாதி விலகி இருந்தால்? பாரம் வந்ததும் பல் தாவும். அதுதான் ‘கடக் கடக்’.

அண்ணன் செய்த சோதனை இது. எஞ்சினை நிறுத்தி, இடது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வலது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். லிவரைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றவே கூடாது, ஏனென்றால் தரையில் இருக்கும் மற்ற சக்கரம் பூட்டிப் பிடித்திருக்கும். என் வண்டியில் கால் சுற்று போய், ‘டக்’ என்று தட்டி, மறுபடியும் நழுவியது. அடுத்து, கியர் பாக்ஸ் மேலே இருக்கும் சின்ன இரும்புக் கையிலிருந்து, லிவரிலிருந்து வரும் கேபிளின் முனையைக் கழற்றினார். கழற்றின நொடியில் அந்தக் கை ஸ்பிரிங் விசையில் அரை அங்குலம் பின்னால் துள்ளியது. சக்கரத்தைச் சுற்றினேன், அசையவில்லை. எங்கே குறை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பி வராமல் நின்றிருக்கிறது. அதோடு முன்பு ஓட்டியவர் நட்டை முழுக்க இறுக்கி வைத்திருந்தார். புதுக் கேபிள் 240 ரூபாய். லிவரை விட்ட நிலையில் 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிற மாதிரி நட்டை வைத்தோம். 18,000 ரூபாய் வேலை அந்த வேப்ப மரத்து நிழலிலேயே முடிந்தது.

கேபிளைக் கழற்றியும் சக்கரம் பூட்டாவிட்டால் கோளாறு உள்ளேதான்: பல் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். திறக்கும் முன் கியர் ஆயிலை ஒரு வெள்ளை வாளியில் வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் போயிருக்கிறது. ஆக்ஸிலில் சுற்றிய வைக்கோலும் கயிறும் சீலை அறுத்திருக்கும், அவற்றை வெட்டி எடுத்து சீலையும் மாற்றுங்கள். காந்தத்தை விட்டுக் கலக்கும்போது மாவு போல் ஒட்டினால் வழக்கமான தேய்மானம். சில்லுச் சில்லாக ஒட்டினால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. கியர் தானாகத் துள்ளி வெளியே வருகிறது என்றால் கியரை நகர்த்தும் கவையான ஷிஃப்டர் ஃபோர்க்கையும், அதைப் பிடிக்கும் சின்ன உருண்டை, ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பழுது பார்த்த வண்டியைச் சமதரையில், முதல் கியரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு லிவரையும் மாற்றி மாற்றிப் பிடித்துத் திருப்புங்கள். அப்புறம்தான் வரப்புச் சரிவு. இறக்கத்தில் வண்டியின் கனமே சக்கரத்தைத் தள்ளுவதால், லிவரைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். இடது லிவருக்கு வலப்பக்கம் பாயும். சரிவில் லிவரைத் தொடாமல், எஞ்சின் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைக் கையால் தள்ளியே திருப்புங்கள்.